கையை எடுக்கும் நேரம்

கோமாரிக்குப் பக்கத்திலுள்ள சங்கமன்கண்டி முனைதான் இலங்கையின் கிழக்குக் கோடி. கடலும் களப்பும் அருகருகே கிடக்கும் இந்தக் கரையில் விடியலை வரைய உட்காரும் ஓவியருக்கு முதல் தடை இருட்டு. விளக்கைப் போட்டால் வானத்தின் நிறம் கண்ணுக்குத் தப்பிவிடும். போடாவிட்டால் தட்டிலிருக்கும் நீலம் எது, பச்சை எது என்று தெரியாது. அடுத்த தடை காற்று. மாரியில் நீர்வண்ணம் தாளில் காய மறுக்கும். கச்சான் வீசும் மாதங்களிலோ தூரிகையை மறுபடி தோய்த்து எடுப்பதற்குள் உலர்ந்துவிடும்.

இதே சிக்கல் இன்னொரு கிழக்குக் கரையில் ஒருவருக்கு இருந்தது. இங்கிலாந்தின் பிரிட்லிங்டனும் விடியலைக் கடல்மீது பார்க்கும் ஊர்தான். அங்கே வசித்த ஓவியர் டேவிட் ஹாக்னி 2009இல், எழுபது வயதைக் கடந்த பிறகு, ஐபோனில் ‘பிரஷஸ்’ என்ற செயலியைத் திறந்து, கட்டிலில் இருந்தபடியே, ஜன்னலுக்கு வெளியே எழுந்த சூரியனைப் பெருவிரலால் வரைந்தார். திரைக்குத் தன் ஒளி உண்டு, விளக்குத் தேவையில்லை. வண்ணம் குழைக்க வேண்டாம், தண்ணீர் வைக்க வேண்டாம், காயக் காத்திருக்க வேண்டாம். வரைந்ததைக் காலையிலேயே நண்பர்களுக்கு அனுப்பிவிடுவார். அரை நூற்றாண்டு வண்ணத்தோடும் தூரிகையோடும் வாழ்ந்த ஒருவர் இப்படிப் புதுக்கருவியை மகிழ்ச்சியோடு கையிலெடுத்தது பெரிய விஷயம். தமிழ் ஓவிய உலகில் டிராட்ஸ்கி மருதுவிடம் இந்தத் திறந்த மனத்தைப் பார்க்கலாம். மை தோய்ந்த கோட்டோவியத்தில் பெயர் பெற்ற அவர், கணினியை ஓவியத்துக்குள் முன்னதாகவே வரவேற்றவர்களில் ஒருவர்.

ஆக, தொடங்குவது எளிதாகிவிட்டது. கனமான நீர்வண்ணத் தாள் கிடைக்காத சிற்றூரிலும் ஒரு பிள்ளை ‘கிரிட்டா’ போன்ற இலவச மென்பொருளை இறக்கிக்கொண்டு இன்றைக்கே வரையத் தொடங்கலாம். எவ்வளவு அழுத்துகிறோம் என்பதை உணரும் பேனா, கோட்டை மெலிதாக்கியும் தடிப்பாக்கியும் கொடுக்கும். வானம் ஓர் அடுக்கில், கடல் இன்னோர் அடுக்கில், கரைவலை இழுப்பவர்கள் மூன்றாவதில். ஒன்றைத் தொட்டால் மற்றது கெடாது. இதை ஏளனமாகப் பேசுகிறவர்கள், வண்ணக்குழாயின் விலையைப் பார்த்து வரைவதையே விட்டுவிட்ட பிள்ளைகளை அறியாதவர்கள்.

முடிப்பதுதான் கடினமாகிவிட்டது.

தாளில் வரையும்போது தாளே ஓர் அளவில் தடுத்துவிடும். அதிகம் தேய்த்தால் நார் எழும், நிறம் சேறாகும், ஈரம் போனபின் ஓரம் கறையாக நிற்கும். போதும் என்று பொருளே சொல்லும். திரை அப்படிச் சொல்வதேயில்லை. வேண்டாமென்றால் ஒரு தட்டு, போன கோடு திரும்பிவிடும். இன்னொரு தட்டு, அதற்கு முந்தையதும். மேகத்தைக் கொஞ்சம் இடப்பக்கம் நகர்த்திப் பார்க்கலாம், தோணியை அழித்துப் பார்க்கலாம், செம்மஞ்சளை ஒரு பிடி கூட்டிப் பார்க்கலாம். சூரியன் ஏறி, வெயில் சுட்டு, கடல் வெள்ளிபோல் ஆனபிறகும் திரையில் விடியல் முடியாமலே இருக்கும். திருத்த முடிவதாலேயே திருத்திக்கொண்டிருப்பது ஓவியருக்கு மட்டும் நேர்வதன்று. அனுப்பாத கடிதமும் கட்டி முடியாத வீடும் எல்லா ஊரிலும் உண்டு.

இந்தத் தவிப்பு கணினியோடு பிறந்ததுமல்ல. பிக்காசோ வரைவதை இயக்குநர் ஹென்றி-ஜார்ஜ் க்ளூஸோ படம்பிடித்து 1956இல் ‘பிக்காசோவின் மர்மம்’ என்று வெளியிட்டார். அதில் ஒரு கடற்கரைக் காட்சியை பிக்காசோ மாற்றுகிறார், மூடுகிறார், மறுபடி மாற்றுகிறார். நடுவில் வந்த சில நிலைகள் இறுதியில் வந்ததைவிட அழகானவை என்று பார்ப்பவருக்குத் தோன்றும். அவை கேமராவில் மட்டுமே மிஞ்சின. கடைசியில் அந்த ஓவியம் சரிவரவில்லை என்று கைவிட்டு, புதிய கித்தானில் தொடங்குகிறார். பழைய நிலைக்குத் திரும்ப வழியில்லாததால் முன்னே போகத்தான் வேண்டியிருந்தது. இன்று அந்த வழி எந்நேரமும் திறந்திருக்கிறது. எங்கே நிற்பது என்ற முடிவு முழுவதும் வரைகிறவரின் தலையில் வந்து விழுந்திருக்கிறது. அது சுமைதான், ஆனால் நல்ல சுமை. தாளைச் சாக்காகக் காட்ட முடியாத இடத்தில் ஒருவர் தன் ரசனைக்குத் தானே பொறுப்பேற்கிறார்.

முடிக்காமல் வைத்திருந்தாலும் கோப்பு பத்திரமாக இருக்குமே என்று தோன்றலாம். 2004 டிசம்பர் 26இல் வந்த ஆழிப்பேரலையில், கோமாரி இருக்கும் அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000 பேருக்கு மேல் மாண்டார்கள். வீட்டுச் சுவரிலிருந்த படமும் பெட்டியிலிருந்த ஆல்பமும் அலையோடு போனதை இந்தக் கரை மறக்காது. கடல் எட்டாத இடத்தில் ஒரு பிரதி இருப்பது இங்குள்ளவர்களுக்கு உண்மையான ஆறுதல். ஆனாலும் கோப்புக்கும் ஆயுள் உண்டு. 1985இல் நியூயார்க்கில் அமிகா கணினியின் அறிமுக விழாவில் ஓவியர் ஆண்டி வார்ஹோல், பாடகி டெபி ஹாரியின் முகத்தைத் திரையில் வண்ணமாக்கினார். அக்காலத்தில் அவர் அமிகாவில் வரைந்த பிற படங்கள் நெகிழ்வட்டுகளில் அடைபட்டே கிடந்தன. பழைய கோப்பு வடிவத்தைத் திறக்கும் வழியை கார்னெகி மெலன் பல்கலைக்கழக மாணவர்கள் கண்டுபிடித்த பிறகுதான், 2014இல், அவை உலகின் கண்ணுக்கு வந்தன. வார்ஹோல் இறந்து 27 ஆண்டுகள் ஆகியிருந்தன. சாதனத்துக்குள்ளேயே கிடப்பது சேமிப்பு ஆகிவிடாது. வெளியே எடுத்து ஒருவர் கையில் கொடுக்க வேண்டும்.

ஹாக்னி காலையில் நண்பர்களுக்கு அனுப்பியதில் அதுதான் நடந்தது. அனுப்பியபின் அது அவர் கையைவிட்டுப் போன படம். 2011இல் யார்க்‌ஷயரின் வோல்ட்கேட் பாதையில் வசந்தம் வருவதை ஐபேடில் வரைந்தபோதும் ஒவ்வொன்றின் தலைப்பிலும் அந்தந்த நாளின் தேதியை இட்டார். அவற்றில் 51 படங்கள் பெரிதாக அச்சாகி, 32 கித்தான்களை இணைத்த ஓர் எண்ணெய் ஓவியத்தோடு 2012இல் லண்டன் ராயல் அகாடமியில் தொங்கின. திரையில் ஒளிர்ந்த நிறம் அச்சு மையில் சற்று மங்கத்தான் செய்யும். தானே ஒளிவிடுவதும் வெளிச்சத்தை வாங்கித் தருவதும் ஒன்றல்ல. அந்த இழப்பை ஏற்றுக்கொண்டுதான் படம் சுவருக்கு வருகிறது. கோமாரியில் வரைகிறவரும் தன் விடியலுக்கு ஒரு தேதியை எழுதி, அடுக்குகளை ஒன்றாக்கி, கல்முனையிலோ மட்டக்களப்பிலோ அச்சுக்குக் கொடுக்கலாம். நாளைய வானத்துக்கு வேறொரு கோப்பு.