புகாருக்கு இடமில்லாத மேசை

கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்கியவர் விஷவாயு தாக்கி இறந்துபோகிறார். அவருடைய மனைவி யாரிடம் முறையிடுவது? பறிபோனது உயிர் வாழும் உரிமை என்றால் தேசிய மனித உரிமை ஆணையம் இருக்கிறது. அவரை அந்த வேலைக்குள் தள்ளியது சாதி என்றால் பட்டியல் சாதியினருக்கான தேசிய ஆணையம் இருக்கிறது. துப்புரவுத் தொழிலாளர்களுக்கென்றே தனியாக ஒரு தேசிய ஆணையம் உண்டு. கணவனை இழந்தவருக்கு மகளிர் ஆணையம், படிப்பு நின்றுபோகும் பிள்ளைகளுக்குக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம். ஒரு வீட்டில் விழுந்த ஒரே சாவுக்கு ஐந்து தேசிய அமைப்புகள். ஐந்துக்கும் தலைமையிடம் டெல்லி.

இவை இருக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. ஒவ்வொன்றும் நீண்ட போராட்டத்துக்குப் பிறகு கிடைத்தது. ஆனால் பாகுபாடு அந்தக் குடும்பத்தின் மீது பகுதி பகுதியாக வருவதில்லை. சாதி, வறுமை, தொழில், விதவைக் கோலம் எல்லாம் ஒரே நாளில் சேர்ந்து வருகின்றன. 2013, 2018 கணக்கெடுப்புகளில் மனிதக் கழிவைக் கையால் அகற்றுவோர் என அடையாளம் காணப்பட்டவர்கள் 58,098 பேர். அவர்களில் சாதி விவரம் கிடைத்த 43,797 பேரில் 42,594 பேர் பட்டியல் சாதியினர் என்று 2021-இல் மாநிலங்களவையில் அரசே சொன்னது. இதில் தொழில் எங்கே முடிகிறது, சாதி எங்கே தொடங்குகிறது என்று யாரால் கோடு கிழிக்க முடியும்? ஆணையங்களின் அதிகார வரம்புகள் அந்தக் கோட்டைத்தான் கிழிக்கின்றன.

சட்டம் இயற்றியவர்கள் இந்த ஆபத்தை உணராதவர்கள் அல்ல. 1993-ஆம் ஆண்டின் மனித உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் 3(3) பிரிவு, மற்ற தேசிய ஆணையங்களின் தலைவர்களையும் மனித உரிமை ஆணையத்தின் உறுப்பினர்களாகவே கருதுகிறது. முதலில் சிறுபான்மையினர், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மகளிர் ஆணையங்களின் தலைவர்களுக்கு அந்த இடம் இருந்தது. 2019 திருத்தம் பிற்படுத்தப்பட்டோர் ஆணையம், குழந்தைகள் உரிமை ஆணையம் ஆகியவற்றின் தலைவர்களையும் மாற்றுத்திறனாளிகளுக்கான தலைமை ஆணையரையும் சேர்த்தது. எல்லாரும் ஒரே மேசையில் உட்கார வேண்டும் என்ற எண்ணம் நல்ல எண்ணம், பெரிய எண்ணம்.

அதே பிரிவை இன்னும் ஒரு வரி படித்தால் மனம் கனக்கிறது. இந்தத் தலைவர்கள் உறுப்பினர்களாகக் கருதப்படுவது 12-ஆம் பிரிவின் (ஆ) முதல் கடைசி உட்பிரிவு வரையான பணிகளுக்கு மட்டும். சிறைகளைப் பார்வையிடலாம், சட்டங்களை ஆராயலாம், ஆய்வுகளை ஊக்குவிக்கலாம், விழிப்புணர்வு பரப்பலாம். முதல் உட்பிரிவு மட்டும் இந்த வரம்புக்கு வெளியே நிற்கிறது. உரிமை மீறப்பட்டது என்று ஒருவர் கொண்டுவரும் புகாரை விசாரிக்கும் பணி அது. பாதிக்கப்பட்டவரின் மனுவுக்கு அந்தக் கூட்டு மேசையில் இடம் இல்லை.

36-ஆம் பிரிவு இன்னொரு கதவையும் அடைக்கிறது. மாநில ஆணையத்திடமோ சட்டப்படி அமைந்த வேறு ஆணையத்திடமோ ஒரு விவகாரம் நிலுவையில் இருந்தால், தேசிய மனித உரிமை ஆணையம் அதை விசாரிக்கக் கூடாது. ஒரே புகாரை இரண்டு இடங்களில் விசாரிக்க வேண்டாம் என்பது நியாயம்தான். ஆனால் மீறல் நடந்த நாளிலிருந்து ஓராண்டு கடந்துவிட்டால் ஆணையம் விசாரிக்க முடியாது என்றும் அதே பிரிவு சொல்கிறது. வேறொரு ஆணையத்தில் மனு கிடந்த மாதங்களும் அந்த ஓராண்டுக்குள்தான் அடங்கும். மனித உரிமை ஆணையம் தன்னிடம் வந்த புகாரை மாநில மனித உரிமை ஆணையத்துக்கு மாற்றுவதற்கு 13(6) வழி தருகிறது. பக்கத்திலிருக்கும் இன்னொரு தேசிய ஆணையத்துக்கு மாற்ற அந்தச் சட்டத்தில் அப்படி ஒரு வழி இல்லை. அந்தத் தூரத்தை நடந்து கடக்க வேண்டியவர் இறந்தவரின் மனைவி.

கூட்டு மேசையில் பெயரே இல்லாத ஆணையமும் ஒன்று உண்டு. துப்புரவுத் தொழிலாளர்களுக்கான தேசிய ஆணையம் 1994-இல் தனிச் சட்டத்தின்படி அமைந்தது. அந்தச் சட்டம் 2004-இல் காலாவதியானது. அதன்பின் அரசின் தீர்மானங்களால் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஆயுள் நீட்டிக்கப்பட்டு வாழ்கிறது. மனிதக் கழிவைக் கையால் அகற்றும் வேலைக்குத் தடை விதித்த 2013-ஆம் ஆண்டுச் சட்டம் இந்த ஆணையத்துக்குக் கண்காணிப்புப் பொறுப்பையும் புகார் விசாரிக்கும் பொறுப்பையும் கொடுத்திருக்கிறது. 2010 முதல் 2020 மார்ச் வரை சாக்கடைகளிலும் கழிவுநீர்த் தொட்டிகளிலும் 631 பேர் இறந்தார்கள் என்ற கணக்கு இங்கிருந்துதான் வந்தது. அதில் 122 பேர் தமிழ்நாட்டில் இறந்தவர்கள். வேறு எந்த மாநிலத்திலும் இவ்வளவு இல்லை. சாவுகளை எண்ணும் அமைப்புக்கே நிலையான சட்டப் பிடிமானம் இல்லை என்பதை எப்படி ஏற்றுக்கொள்வது?

ஆணையங்கள் சேர்ந்து பார்க்காவிட்டால் என்ன நடக்கும் என்பதைக் காவல் நிலையத்தில் பார்க்கலாம். முதல் தகவல் அறிக்கையில் கவனக்குறைவால் நேர்ந்த மரணம் என்று எழுதினால் அது விபத்து. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் எழுதினால் அது சாதிக் குற்றம். துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரி விசாரிக்க வேண்டும், சிறப்பு நீதிமன்றத்துக்குப் போகும். பட்டியல் சாதியினரை மனிதக் கழிவைக் கையால் அகற்றும் வேலைக்கு அமர்த்துவதே வன்கொடுமை என்று 2015 திருத்தம் தெளிவாக்கிவிட்டது. இழப்பீடு கொடுத்தாயிற்றா என்று மட்டும் ஓர் ஆணையம் கேட்டால், கொடுத்தாயிற்று என்ற பதிலோடு கோப்பு மூடப்படலாம். வழக்கு எந்தச் சட்டத்தில் பதிவானது என்ற கேள்வி அடுத்த ஆணையத்தின் கோப்பில் இருக்கும். இரண்டு கேள்விகளும் ஒரே நாளில் ஒரே அதிகாரியிடம் கேட்கப்பட்டால்தான் ஒப்பந்ததாரர் தப்ப முடியாது.

உச்ச நீதிமன்றம் இதை உணர்ந்திருக்கிறது. 2014 தீர்ப்பு இத்தகைய ஒவ்வொரு மரணத்துக்கும் 10 லட்சம் ரூபாய் என்றது. 2023 அக்டோபர் 20 அன்று பல்ராம் சிங் வழக்கில் நீதிபதிகள் ரவீந்திர பட், அரவிந்த் குமார் அமர்வு அதை 30 லட்சமாக உயர்த்தியது. துப்புரவுத் தொழிலாளர், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் ஆணையங்களும் சமூக நீதித் துறைச் செயலரும் சேர்ந்து நாடு தழுவிய கணக்கெடுப்புக்கான வழிமுறையை வகுக்க வேண்டும் என்றும் உத்தரவிட்டது. தேசிய அமைப்புகளைச் சேர்ந்து வேலை செய்ய வைக்க நீதிமன்றத்தின் கட்டளை தேவைப்பட்டது என்பது என்னை வருத்துகிறது. ஆனாலும் அந்தக் கட்டளையை நான் நன்றியோடு ஏற்கிறேன். அதுபோல, மாநில மனித உரிமை ஆணையத்தின் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 2021-இல் சொன்னதும் பெரிய காரியம். பரிந்துரைக்கு வலு இருந்தால்தான் அதை வாங்கப் பல ஆணையங்கள் சேர்ந்து உழைப்பதில் பொருள் இருக்கும்.

2019-இல் நாடாளுமன்றம் 3(3) பிரிவைத் திறந்து மூன்று பதவிகளைச் சேர்த்தது. மறுபடியும் திறக்கட்டும். துப்புரவுத் தொழிலாளர் ஆணையத்துக்கு முதலில் நிலையான சட்டத்தைத் தந்து, அதன் தலைவரை அந்த மேசைக்கு அழைக்கட்டும். பல பாகுபாடுகள் ஒன்றாய்க் கலந்த புகாரை ஆணையங்கள் கூட்டாக விசாரிக்க 12-ஆம் பிரிவின் முதல் உட்பிரிவையும் சேர்க்கட்டும். எந்த ஆணையத்தின் வாசலில் மனு கொடுத்தாலும் அந்தத் தேதியே எல்லா ஆணையங்களுக்கும் புகார்த் தேதியாகட்டும். உரிய இடத்துக்கு அந்த மனுவைக் கொண்டுசேர்ப்பது ஆணையத்தின் பொறுப்பாக இருக்கட்டும்.