விதியா, கவனக்குறைவா?



2003ஆம் ஆண்டு பெப்ரவரி 1ஆம் திகதி, சனிக்கிழமை. இலண்டனில் பிற்பகல் இரண்டு மணியளவில், கொலம்பியா விண்ணோடம் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்துக்கு மேலே சிதறியது. 16 நாட்கள் விண்வெளியில் ஆய்வுகள் நடத்தித் திரும்பிய எழுவரும் மாண்டனர். அரியானா மாநிலத்துக் கர்னாலில் பிறந்த கல்பனா சாவ்லாவும் அவர்களுள் ஒருவர். நம் வீட்டுப் பிள்ளையை இழந்ததுபோல் கலங்கினோம். 'எல்லாம் விதி' என்று சொல்லி மனந்தேறினோம்.

ஆனால் நடந்தது என்ன? சனவரி 16ஆம் திகதி விண்ணோடம் புறப்பட்டு 82 வினாடிகளில், வெளி எரிபொருள் தாங்கியிலிருந்து முக்கால் கிலோ அளவான நுரைத்துண்டு ஒன்று கழன்று இடது இறக்கையில் மோதியது. சேதத்தை அறிய விண்ணிலேயே படம் எடுக்க வேண்டும் என்று பொறியியலாளர் சிலர் கேட்டனர். மேலதிகாரிகள் இணங்கவில்லை. முந்திய பயணங்களிலும் நுரை கழன்றது, ஒன்றும் ஆகவில்லையே என்பது அவர்கள் எண்ணம். திரும்பும் வழியில் இறக்கையின் பிளவினூடாகச் சுடுகாற்றுப் புகுந்தது. விபத்துக்கு அந்த நுரை எவ்வளவு காரணமோ, நிறுவனத்தின் போக்கும் அவ்வளவு காரணம் என்று விசாரணைக் குழு கூறியது.

படம் எடுத்திருந்தால் எழுவரும் பிழைத்திருப்பார்களா? உறுதியாகக் கூற முடியாது. ஆனால் முயன்று பார்க்கும் வாய்ப்பே இல்லாமற் போயிற்று. முயற்சி முடிந்த இடத்தில் நிற்பதே விதி. முயலாமல் விட்டுவிட்டு அதன்மேல் பழி போடலாமா?

இது நமக்கும் உரிய கேள்வி. அன்னதானச் சமையற்கட்டில் காஸ் மணக்கிறது என்று ஓர் இளைஞன் சொல்கிறான். தேர் வடத்தில் ஓர் இழை நைந்திருப்பதை ஒரு பிள்ளை காட்டுகிறாள். "இத்தனை வருடம் ஒன்றும் நடக்கவில்லை, நீ சும்மா இரு" என்று பெரியவர்களாகிய நாம் சொல்வதில்லையா? இறைவன் காத்தான் என்பது நன்றி சொல்வதற்கு உரியது. கவனியாமல் இருப்பதற்கு அனுமதி அன்று.

கடிந்து சொல்வோர் அருகில் இல்லாத அரசன், பகைவர் இல்லாமலே அழிவான் என்பது வள்ளுவர் கருத்து. பெரியோரை மதிக்கப் பிள்ளைகளுக்குக் கற்பித்தோம். அச்சமின்றி உண்மையைச் சொல்லவும் கற்பிப்போம். அவர்கள் சொல்லும்போது கேட்க நாமும் கற்போமாக.