படிப்பு வராத பிள்ளைக்குத்தானா கைத்தொழில்?

“படிக்காவிட்டால் மண்வெட்டிதான் பிடிக்க வேண்டி வரும்” என்று பிள்ளையைக் கண்டிக்காத வீடு எம்மிடையே குறைவு. நல்ல எண்ணத்துடன்தான் கண்டிக்கிறோம். ஆனால் மண்வெட்டி ஒரு தண்டனை, படிப்பு அதிலிருந்து தப்பும் வழி என்பதையே பிள்ளை அதிலிருந்து கற்றுக்கொள்கிறது. தச்சுப் பட்டறையில் வளர்ந்தவரை ஆண்டவர் என்று வணங்கும் குடும்பங்களிலும் இதே பேச்சுத்தான்.

நான் படித்த பாடசாலையிலும் இந்த நியாயமே நிலவியது. எட்டாம் வகுப்பில் கணக்கில் கெட்டிக்காரர் ஒரு பக்கம், மற்றவர்கள் மரவேலைக் கொட்டிலுக்கு. நான் கொட்டிலுக்கு அனுப்பப்பட்டதை வீட்டில் பல நாள் சொல்லவில்லை. அங்கே மூலைமட்டம் வைத்துக் கோடு கீறி, வாளால் அறுத்து, உளியால் துளை வெட்டி, இரண்டு துண்டுகளைப் பொருத்த எனக்கு மூன்று கிழமை சென்றது. கணக்கில் பிழை விட்டால் அழித்து எழுதலாம். கூடுதலாக வெட்டிய மரத்தை என்ன செய்வது? பொருத்துச் சரியில்லை என்று ஆசிரியர் சொல்லவும் தேவையில்லை, இடைவெளியூடாக வெளிச்சம் தெரியும். அளந்து செய்வதும், பொறுமையும், தன் பிழையைத் தானே காண்பதும் கெட்டிக்காரருக்கு மட்டும் வேண்டாதவையா?

1972ஆம் ஆண்டுக் கல்விச் சீர்திருத்தம் இக்கேள்விக்கு ஒரு விடை சொல்ல முயன்றது. அந்தந்தப் பிரதேசத்துத் தொழில்களை ஒட்டிய தொழில் முன்னிலைப் பாடங்கள் எல்லா மாணவருக்கும் உரியவையாயின. அதற்கிசைந்த புதிய பரீட்சை 1975இல் முதன்முதலாக நடந்தது. 1977இல் ஆட்சி மாறவே அத்திட்டம் கைவிடப்பட்டுப் பழைய சாதாரண தரப் பரீட்சை திரும்பி வந்தது. கருவிகளும் பயிற்சி பெற்ற ஆசிரியர்களும் போதாமல் இருந்தது உண்மை. ஆனால் பெற்றோரின் மனத்தாங்கல் அதனிலும் ஆழமானது.

அதை வெறும் வீண்பெருமை என்று தள்ளிவிட முடியாது. எமது சமூகத்தில் தொழிலும் சாதியும் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன. தலைமுறை தலைமுறையாக ஒரே தொழிலோடு கட்டி வைக்கப்பட்ட குடும்பத்துக்குப் புத்தகம் ஒன்றே வெளியேறும் வாசல். அந்தத் தகப்பனிடம் போய், “உங்கள் மகனுக்கு அந்தத் தொழிலையே இங்கும் படிப்பிக்கிறோம்” என்றால், வாசலை அடைக்கிறார்கள் என்றுதான் அவர் எண்ணுவார். அவர் எண்ணுவதில் நியாயம் உண்டு. எனவே கைத்தொழில் கற்பிப்பது நல்லதா என்பதல்ல, யாருக்குக் கற்பிக்கிறோம் என்பதே கேள்வி. சிலரை மட்டும் பொறுக்கியெடுத்துக் கற்பித்தால் அது முத்திரை குத்துவதாகும். டொக்டரின் மகனும் அதே வாங்கில் நின்று சீவுளி பிடிக்கட்டும். மற்றவனுடைய கையிலிருந்து புத்தகத்தை யாரும் பறிக்காதிருக்கட்டும்.

இரண்டும் ஒருவரிடம் சேர்ந்திருக்கலாம் என்பதற்குப் புனித தொன் பொஸ்கோ சாட்சி. படிக்கும் காலத்திலேயே தையலும் தச்சும் சப்பாத்து வேலையும் பழகியவர் அவர். 1853இல் துரின் நகரில் சிறுவர்களுக்குப் பட்டறைகளைத் தொடங்கினார். அதற்கு முந்திய ஆண்டில், ஒரு சிறுவனைத் தச்சரிடம் தொழில் பழக விட்டபோது எழுத்தில் உடன்படிக்கை செய்வித்தார். அவனைச் சொல்லால் மட்டுமே திருத்த வேண்டும். தொழிலுக்குப் புறம்பான வேலை வாங்கக்கூடாது. திருநாட்களில் விடுமுறை வேண்டும். ஆண்டுக்கு 15 நாள் ஓய்வு வேண்டும் என்பன அதில் அடங்கும்.

இந்த நிபந்தனைகள் இன்றைக்கும் வேண்டியவை. தொழில் பழக்குகிறோம் என்று பையனைச் சேர்த்துக்கொண்டு, தேத்தண்ணி வாங்கவும் கடை கூட்டவும் வைத்திருப்போர் எத்தனை பேர்! விவசாயப் பாடம் என்ற பெயரில் பாடசாலை வளவுப் புல்லைப் பிடுங்குவிப்பதும் இதே வகைதான். அதில் வேலை நடக்கிறது, கல்வி நடக்கவில்லை. கைப்பழக்கம் சொல்லி வருவதன்று. ஆசிரியர் பக்கத்தில் நின்று, பிள்ளை மரத்தைப் பழுதாக்குவதைக் கண்டும் கருவியைப் பறிக்காமல் பொறுத்திருக்க வேண்டும். அது ஆசிரியருக்குப் பெரிய தபசு.

எங்கள் மரவேலை ஆசிரியருக்கு அந்தப் பொறுமை இருந்தது. நான் பழுதாக்கிய துண்டுகளை அவர் ஒரு நாளும் எறிந்ததில்லை. அடுத்த வகுப்புப் பிள்ளைகள் வாள் பிடித்துப் பழகட்டும் என்று மூலையில் அடுக்கி வைப்பார்.