தேய்வதற்காகப் பின்னுவது

பொழுதுபோக்காகக் கம்பளி பின்னுகிறவர்களின் பையில் பெரும்பாலும் இரண்டு வேலை இருக்கும். ஒன்று லேஸ் சால்வை. மெல்லிய நூலில் பாதி வளர்ந்திருக்கும். இன்னொன்று சாக்ஸ், ஒரு கால் முடிந்து, மறுகால் கணுக்கால் வரை வந்து நிற்கும். லேஸை எடுத்தால் நல்ல வெளிச்சம் வேண்டும், பக்கத்தில் பின்னல் கோலம் வரைந்த தாள் வேண்டும், யாரும் கூப்பிடாமல் இருக்க வேண்டும். சாக்ஸுக்கு அப்படி எதுவும் வேண்டாம். பேருந்திலும், டாக்டரின் அறைக்கு வெளியே போட்ட நாற்காலியிலும், அம்மாவோடு போனில் பேசிக்கொண்டிருக்கும்போதும் அது வளர்ந்துகொண்டே போகும்.

நான் இந்த இரண்டையும் நெடுங்காலமாகக் கையில் வைத்திருக்கிறேன். வீட்டுக்கு வருகிறவர்களிடம் நான் எடுத்துக் காட்டுவது சால்வையைத்தான். அவர்களும் அதைத்தான் தொட்டுத் தொட்டுப் பார்ப்பார்கள். சாக்ஸைப் பற்றி யாரும் கேட்பதில்லை, நானும் சொல்வதில்லை. ஒரே நூலும் ஒரே கையும் செய்கிற இரண்டு பொருள்களில் ஒன்றுக்கு மட்டும் ஏன் இந்த மரியாதை என்று யோசிக்கும்போதெல்லாம் என் மனம் போய் நிற்கும் இடம், ஸ்காட்லாந்துக்கு வடக்கே கடல் நடுவில் இருக்கும் ஷெட்லாந்து தீவுகள்.

லேஸ் என்றதும் தமிழ்நாட்டில் நாகர்கோவில் நினைவுக்கு வரும். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மார்த்தா மால்ட் என்ற மிஷனரி அங்கே பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தது, திண்டின்மேல் பல நூல்கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுச் செய்கிற லேஸ். ஷெட்லாந்து லேஸ் அதிலிருந்து முற்றிலும் வேறு. அதற்கு ஊசிகளும் ஓர் இழை கம்பளி நூலும் போதும்.

பிரிட்டனில் மக்கள் வாழும் தீவுகளில் வடக்கோடியில் இருப்பது ஷெட்லாந்தின் அன்ஸ்ட். அங்குள்ள ஆடுகள் உருவத்தில் சிறியவை. கோடை தொடங்கும்போது அவற்றின் மயிர் தானே தளர்ந்துவிடும். கத்தரி போடாமல் கையாலேயே பிடுங்கி எடுப்பது வழக்கமாக இருந்தது. கழுத்தடியில் கிடைக்கும் மயிர்தான் மிக மென்மையானது. லேஸுக்கென்று அதைத் தனியே ஒதுக்கி வைப்பார்கள். அதைச் சிலந்தி இழை மெலிவுக்கு நூற்று, ஆறடிக்கு ஆறடி சால்வையாகப் பின்னினால், முழுச் சால்வையையும் ஒரு கல்யாண மோதிரத்துக்குள் நுழைத்து மறுபக்கம் எடுத்துவிடலாம். 'மோதிரச் சால்வை' என்றே அதற்குப் பெயர் வந்தது. அதில் வரும் கோலங்களின் பெயர்களைப் பார்த்தாலே பின்னியவர்கள் எங்கே வாழ்ந்தார்கள் என்று தெரியும். அலை வடிந்தபின் மணலில் பதிந்த வரி ஒரு கோலம். பூனையின் பாதம், பறவையின் கண், பெரணி இலை என்று இன்னும் பல.

இந்தக் கோலங்கள் எல்லாம் துளைகளால் ஆனவை. ஊசியின்மேல் நூலை ஒரு சுற்று சும்மா சுற்றிவிட்டு அடுத்த கண்ணியைப் பின்னினால் அந்த இடத்தில் ஒரு துளை விழும், ஒரு கண்ணியும் கூடிவிடும். கூடியதைச் சரிக்கட்ட, பக்கத்திலோ சற்றுத் தள்ளியோ இரண்டு கண்ணிகளைச் சேர்த்து ஒன்றாகப் பின்ன வேண்டும். துளை எங்கே விழுகிறது, சேர்ப்பு எங்கே வருகிறது, அது வலப்பக்கம் சாய்கிறதா இடப்பக்கமா என்ற இந்த மூன்றிலிருந்தே அலையும் இலையும் பிறக்கின்றன. ஒரு சேர்ப்பு விட்டுப்போனாலும் கணக்கு பிசகும்; பல வரிசை தள்ளித்தான் அது கண்ணில் படும். அதனால்தான் அனுபவம் உள்ளவர்களும் சில வரிசைகளுக்கு ஒருமுறை, ஊசியில் இருக்கும் கண்ணிகள் அத்தனையிலும் வேறு நிறத்தில் ஒரு மெல்லிய நூலைக் கோத்து வைக்கிறார்கள். பிரிக்க நேர்ந்தால் அதுவரை பிரித்தால் போதும், அதற்குக் கீழே எதுவும் அவிழாது. அந்த நூலை லைஃப்லைன் என்பார்கள்.

ஊசியிலிருந்து இறங்கிய புதிதில் லேஸைப் பார்த்தால் மனம் சோர்ந்துபோகும். சுருண்டு, கசங்கி, கோலமே தெரியாமல் கிடக்கும். அதை நனைத்து, சட்டத்தில் இழுத்துக் கட்டி, ஓரத்தின் ஒவ்வொரு முனையையும் தனித்தனியாகப் பிடித்து வைத்துக் காயவிட வேண்டும். இழுக்க இழுக்கத் துளைகள் திறக்கும். காய்ந்தபின் கட்டை அவிழ்த்தால் திறந்தவை மூடாமல் அப்படியே நிற்கும். பின்னுகிறவருக்கு அதைவிடப் பெரிய சந்தோஷம் கிடையாது. வேலை முடிந்தது என்று அன்றைக்குச் சொல்லலாம். சால்வையை மடித்துப் பெட்டியில் வைக்கலாம். நூறு வருடம் கடந்தும் அது இருக்கக்கூடும். அப்படி இருந்துவிட்ட சால்வைகள் இன்று லெர்விக் நகரத்து ஷெட்லாந்து அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

ஆனால் அந்தச் சால்வைகளைப் பின்னிய பெண்களுக்குக் கிடைத்தது என்ன? விக்டோரியா மகாராணி காலத்தில் ஷெட்லாந்து லேஸ் இங்கிலாந்தின் செல்வர் வீடுகளில் நாகரிகமாகிவிட்டது. வியாபாரிகள் வாங்கினார்கள். விலையாகப் பெரும்பாலும் காசு தரவில்லை; தங்கள் கடைச் சரக்கைத் தந்தார்கள். தேயிலையும் துணியும் தந்தார்கள். வீட்டில் மாவு இல்லாத பெண் அந்தத் தேயிலையைக் கொண்டுபோய் வேறு யாரிடமாவது கொடுத்து மாவாக மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. 1872இல் அரசு நடத்திய விசாரணையில் ஷெட்லாந்துப் பெண்கள் வரிசையாக வந்து இதைச் சாட்சியமாகச் சொன்னார்கள். அவர்கள் சொன்னது பதிவாகி, அச்சாகி இருக்கிறது. கண்ணாடிக்குள் விரித்து வைத்த சால்வைக்குப் பக்கத்தில் அந்தச் சாட்சியத்தில் ஒரு பக்கத்தையும் வைக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

அதே கைகள் காலுறையும் பின்னின. சொல்லப்போனால் ஷெட்லாந்தில் லேஸைவிட மூத்தது காலுறைதான். 17ஆம் நூற்றாண்டிலேயே, மத்தி மீனைவிடப் பெரிய ஹெர்ரிங் மீனைப் பிடிக்க வந்த டச்சுக் கப்பல்காரர்களுக்குத் தீவுப் பெண்கள் காலுறை விற்றார்கள். குதிரைமயிர் அடைத்த தோல்பட்டை ஒன்றை இடுப்பில் கட்டி, அதன் துளையில் ஓர் ஊசியைச் செருகிக்கொண்டால் கை இலகுவாகிவிடும். அடுப்புக்கு வேண்டிய, சதுப்பு நிலத்தில் வெட்டிய புல்கரியைக் கூடையில் முதுகில் சுமந்துகொண்டு, நடந்தபடியே பின்னினார்கள். சுமக்கிற பெண்ணின் கை சும்மா இருக்கக் கூடாது என்று வாழ்க்கை கேட்டது. லேஸை இப்படிப் பின்ன முடியாது. அது மாலை வெளிச்சத்துக்கும் விளக்கடிக்கும் உரிய வேலை. காலுறைதான் நடையோடு சேர்ந்து நடந்தது.

அந்தக் காலுறைகள் இப்போது எங்கே? தேய்ந்து மண்ணாகிவிட்டன. தப்பியவை தற்செயலாகத் தப்பியவை. 1951இல் ஷெட்லாந்தின் கன்னிஸ்டர் என்ற இடத்துக்கு அருகே புல்கரி வெட்டியவர்கள் மண்ணுக்குள் ஒரு மனிதனின் ஆடைகளைக் கண்டார்கள். 17ஆம் நூற்றாண்டின் முடிவு வாக்கில் அந்தப் பொட்டல்வெளியில் இறந்துபோனவன். உடல் ஏறக்குறைய மறைந்துவிட்டது. கம்பளியை மட்டும் புல்கரி மண் காத்து வைத்திருந்தது. தொப்பி, கையுறை, சில நாணயங்களோடு ஒரு சிறு பின்னல் பை, நீளமான காலுறைகள். பாதத்தில் தேய்ந்து, ஒட்டுப் போட்ட காலுறைகள். அவன் பெயர் யாருக்கும் தெரியாது. யாரோ ஒருவர் உட்கார்ந்து அந்தக் காலுறையைச் செப்பனிட்டார் என்பது தெரிகிறது. அருங்காட்சியகத்து மோதிரச் சால்வைகள் எதுவும் எனக்குத் தராத ஒரு நெருக்கத்தை அந்த ஒட்டு தருகிறது.

காலுறைக்குள் இருக்கும் அறிவு லேஸில் இருப்பதற்குக் குறைந்ததில்லை. குதிகாலைப் பின்னிப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். குழாயாக வட்டம் சுற்றி இறங்கி வருகிற பின்னலில் பாதிக் கண்ணிகளை நிறுத்திவிட்டு, மீதிப் பாதியில் மட்டும் முன்னும் பின்னும் பின்னி ஒரு மடல் செய்ய வேண்டும். அதில் ஒன்றுவிட்டு ஒரு கண்ணியைப் பின்னாமல் நழுவவிட்டால் பின்புறம் நூல் ஓடித் துணி தடிக்கும். செருப்பும் ஷூவும் உரசும் இடம் அதுதான். பிறகு குதிகாலைத் திருப்ப வேண்டும். வரிசையின் நடுவில் சில கண்ணிகள் பின்னிவிட்டு, மீதியை அப்படியே விட்டுத் திரும்புவது. அடுத்த முறை ஒரு கண்ணி கூடுதலாகப் போய்த் திரும்புவது. இப்படித் திரும்பத் திரும்ப, தட்டையாக இருந்த துணி கண் முன்னாலேயே குழிந்து, ஒரு குதிகால் வந்து உட்காரும் இடமாகிவிடுகிறது. இதில் வெட்டு இல்லை, தையல் இல்லை. எத்தனை முறை செய்தாலும் அந்த இடம் வரும்போது நான் பேச்சை நிறுத்திவிடுகிறேன்.

இவ்வளவும் ஷூவுக்குள் போய் மறைந்துவிடும். விரல் முனையில் இரண்டு பக்கத்துக் கண்ணிகளையும் தடம் தெரியாமல் இணைக்கும் ஒரு முறை உண்டு. முதல் உலகப் போர்க்காலத்தில் பிரிட்டனின் போர் அமைச்சராக இருந்த கிச்சனரின் பெயர் அதற்கு ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்தப் போரில் பதுங்குகுழிகளில் நின்ற தண்ணீரில் நாள்கணக்கில் ஊறிச் சிப்பாய்களின் பாதங்கள் அழுகின. உலர்ந்த காலுறையை மாற்றிப் போடுவது அதற்கு முக்கியமான தடுப்பாக இருந்தது. பிரிட்டனிலும் கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் பெண்கள் லட்சக்கணக்கில் பின்னி அனுப்பினார்கள். விரலருகே ஒரு தடித்த தையல்வரி இருந்தால் அது ஈரப் பாதத்தை அறுக்கும் என்பதால்தான் தடமில்லாத இணைப்பு வேண்டியிருந்தது. முகம் தெரியாத ஒருவரின் விரல் வலிக்கக் கூடாது என்ற கவலை அந்த இணைப்பில் இருக்கிறது.

முடியாத வேலைகள் இரண்டு வகை என்று எனக்குத் தோன்றுகிறது. சால்வை இன்னும் முடியவில்லை, என்றாவது முடியும். சாக்ஸ் ஒருநாளும் முடியாது. ஒரு ஜோடி முடியும்போது முந்தைய ஜோடி தேய்ந்திருக்கும். வீட்டில் இட்லி மாவு ஆட்டுகிற வேலையும் இந்த இரண்டாவது வகைதான். தீர்ந்ததும் மறுபடி அரிசி ஊறப்போட வேண்டும், அதில் முடிவுநாள் என்று ஒன்று கிடையாது. நாம் மரியாதை எல்லாவற்றையும் முதல் வகைக்குக் கொடுத்துப் பழகிவிட்டோம். எது நிலைத்து நிற்கிறதோ அதற்குத்தான் கண்ணாடிப் பெட்டி. ஆனால் மனிதர்களை அன்றாடம் தாங்கிப் பிடிப்பவை இரண்டாவது வகை வேலைகள். செய்தவுடன் கரையத் தொடங்கிவிடுவதால் அவற்றைச் செய்தவர்களின் சுவடும் கரைந்துவிடுகிறது. உலகத்தின் பெரும்பகுதிப் பெண்களின் வரலாறு இப்படித்தான் தேய்ந்துபோனது.

ஒரு ஜோடியில் இரண்டாவது சாக்ஸைத் தொடங்குவது கடினம் என்று பின்னுகிறவர்கள் எல்லாரும் சொல்வார்கள். முதலாவதில் நூல் என்ன நிறம் காட்டும், குதிகால் எப்படி வரும் என்ற ஆர்வமே கையை நடத்திச் செல்லும். இரண்டாவதில் தெரிந்துகொள்ள ஒன்றுமில்லை. எத்தனையோ பேரிடம் ஒற்றைச் சாக்ஸ்கள் ஜோடி இல்லாமல் கிடக்கின்றன. இரண்டாவதைப் பின்னி முடிக்க வைப்பது, அதைப் போட்டுக்கொள்ளப் போகிறவருக்கு இரண்டு பாதம் இருக்கிறது என்ற நினைப்பு ஒன்றுதான். கலையின் ஈர்ப்பு தீர்ந்த பிறகும் கை நிற்காமல் ஓடுகிறதே, அந்த இடத்தில் இருப்பதைத்தான் நான் அன்பு என்று புரிந்துகொண்டிருக்கிறேன்.

லேஸைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வரவில்லை. என் சால்வையை நான் முடிப்பேன், மனிதக் கைக்கு எட்டக்கூடிய நுட்பத்தின் எல்லையை அது காட்டுகிறது. ஆனாலும் ஒரு வேறுபாட்டை அழுத்திச் சொல்ல வேண்டும். லேஸில் துளை எங்கே விழ வேண்டும் என்று முடிவு செய்வது நான். காலுறையில் அதை முடிவு செய்வது அணிகிறவரின் நடை. ஒவ்வொரு பாதமும் தன் போக்கில் ஊன்றி, தனக்கே உரிய இடத்தில் துளை போடுகிறது. ஒரு காலுறை தேய்ந்து திரும்பி வந்தால், அதைத் தேய்த்தவர் இத்தனை காலமும் நடந்துகொண்டிருந்தார் என்று பொருள். பின்னியது வீணாகவில்லை, வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது.

முந்தைய தலைமுறைகளுக்கு இது இயல்பாகத் தெரிந்திருந்தது. காலுறையின் பாதம் போய்விட்டால் கால்பகுதியைத் தூக்கி எறியமாட்டார்கள். கணுக்காலுக்குக் கீழே அறுத்துப் பிரித்து, உயிரோடு இருக்கும் கண்ணிகளை ஊசியில் ஏற்றி, அங்கிருந்து புதுப் பாதம் பின்னுவார்கள். மேலே பழைய நூல், கீழே புதிய நூல். நிறம் ஒத்துப்போகாவிட்டாலும் ஷூவுக்குள் யார் பார்க்கப் போகிறார்கள்?

கோத்தகிரியில் இருக்கும் என் அக்கா, சிமெண்ட் தரை சில்லிடுகிறது என்று வருடம் முழுக்க நான் பின்னிய சாக்ஸைத்தான் வீட்டுக்குள் போட்டுக்கொண்டிருப்பாள். அவள் திருப்பி அனுப்பிய பழைய ஜோடியில் குதிகால் புதிதுபோலவே இருக்கிறது. பெருவிரலுக்குக் கீழே, முன்பாதம் அழுந்தும் இடத்தில்தான் இரண்டிலும் ஓட்டை. சமையலறையில் மேல்தட்டு டப்பாக்களை எடுக்க எக்கி எக்கியே நிற்கிறாள் போலிருக்கிறது. இந்த முறை அந்த இடத்தில் நைலான் கலந்த நூலை இரண்டாவது இழையாகச் சேர்த்துப் பின்னப்போகிறேன். நீலம் வேண்டுமா, பழுப்பு வேண்டுமா என்று இன்னும் அவளைக் கேட்கவில்லை.