திரும்பி வரும் தூரம்

மனிதன் நிலவில் முதன்முதலாக வண்டி ஓட்டியது 1971-ஆம் ஆண்டு ஜூலை 31-ஆம் நாள். ஓட்டியவர் டேவிட் ஸ்காட். அருகில் அமர்ந்தவர் ஜேம்ஸ் இர்வின். அது மின்கலங்களால் இயங்கிய நான்கு சக்கர வண்டி. 1972 டிசம்பரில் அப்போலோ 17 பயணத்தில் யூஜின் செர்னானும் ஹாரிசன் ஷ்மிட்டும் அத்தகைய வண்டியில் மொத்தம் சுமார் 35 கிலோமீட்டர் சென்றார்கள். ஆயினும் தாங்கள் வந்திறங்கிய கலத்தை விட்டு 8 கிலோமீட்டருக்கு அப்பால் அவர்கள் ஒருபோதும் செல்லவில்லை.

ஏன்? வண்டியால் மேலும் செல்ல முடியும். ஆனால் வழியில் அது பழுதாகிவிட்டால், முதுகில் சுமந்த பிராணவாயு தீருமுன் நடந்தே கலத்தை அடைந்தாக வேண்டும். அவ்வாறு நடக்கக்கூடிய தூரமே எல்லை. நேரம் ஆக ஆக வாயு குறையும், எல்லையும் சுருங்கும். எனவே தொலைவான இடத்திற்கு முதலில் சென்று, பிறகு கலத்தை நோக்கி வந்தவாறே மற்ற இடங்களை ஆராய்வது நல்ல முறையாகக் கருதப்பட்டது. அனுப்பியவர்களே இந்த எல்லையை முன்கூட்டிக் கணக்கிட்டிருந்தார்கள்.

வானில் சென்ற இருவருக்கு இருந்த இந்தப் பாதுகாப்பு, பூமிக்குள் இறங்கிய ஆயிரக்கணக்கானோருக்கு இருந்ததா?

கோலார் தங்கவயலில் 1880-களில் பெரும் சுரங்கப்பணி தொடங்கியது. தொழிலாளர்களில் பெரும்பாலோர் வடார்க்காடு முதலிய பகுதிகளிலிருந்து சென்ற தமிழர்கள். பிற்காலத்தில் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தை எட்டியது. வேலை முடிந்ததும் அவர்களை மேலே கொண்டுவரக் கூண்டு இருந்தது. அன்றாடம் திரும்புவதற்கு வழி இருந்தது. ஆனால் அந்த வாழ்க்கையிலிருந்தே திரும்ப வேண்டிய நாளுக்கு வழி செய்யப்படவில்லை. 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பட்டபோது ஓர் ஊரே வேலையிழந்தது. இன்றும் பலர் மாரிகுப்பத்தில் ரயிலேறிப் பெங்களூருக்குப் பிழைப்புக்குச் செல்கிறார்கள். தங்கம் வெளியே போயிற்று. சயனைடு கலந்த மண்மேடுகள் ஊரிலேயே தங்கிவிட்டன.

‘நூறாண்டுகளுக்குப் பின் நிகழ்வதை யார் கணித்திருக்க முடியும்?’ என்று ஒருவர் கேட்கலாம். மூடும் நாளைக் கணிக்க முடியாதுதான். ஆனால் தங்கம் ஒருநாள் தீரும் என்பது, பிராணவாயு தீரும் என்பதைப் போலவே, முதல் நாளே தெரிந்த உண்மை. பிற மனிதரை நம் நோக்கத்திற்கு வெறும் சாதனமாக மட்டும் நடத்தலாகாது என்றார் ஜெர்மானியத் தத்துவஞானி கான்ட். தொழிலாளிக்குக் கூலி கொடுத்துவிட்டால் இந்தக் கடமை நிறைவேறிவிடுமா? நம் லட்சியத்திற்காக ஒருவரை அழைத்துச் செல்லும்போது, அவர் திரும்பும் வழியும் நம் பொறுப்பே.

2023-இல் நமது ‘பிரக்யான்’ ஊர்தி நிலவில் சுமார் 100 மீட்டர் ஊர்ந்தது. அதில் மனிதர் இல்லை. திரும்பும் கவலையும் இல்லை. 2040-க்குள் இந்தியர் ஒருவரை நிலவுக்கு அனுப்புவது நமது நாட்டின் இலக்கு. அவர் திரும்பும் வழியை நம் விஞ்ஞானிகள் நிச்சயம் கணக்கிடுவார்கள். அதே அக்கறை நம் ஆலைகளில், கடைகளில், இல்லங்களில் உழைப்பவர்களுக்கும் உரியதல்லவா? நம்மை நம்பி வந்தவர், நம் தேவை முடிந்த பிறகு எங்கே செல்வார்? இக்கேள்வியை வேலையின் கடைசி நாளில் அல்ல, முதல் நாளிலேயே நாம் கேட்டுக்கொள்ள வேண்டும்.