சொந்த உடம்பு

டேம்பான் வைக்கப் போய் வலித்தது, அதோடு விட்டுவிட்டேன் என்று சொல்லும் பெண்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். விசாரித்தால், நேர் மேலே தொப்புளைப் பார்த்துத் தள்ளியிருப்பார்கள். யோனிப் பாதை பின்பக்கம் சாய்ந்து அடிமுதுகை நோக்கிப் போகிறது. நேராகத் தள்ளினால் சுவரில் இடித்து வலிக்கத்தான் செய்யும்.

இந்தச் சாய்வை யாரும் நமக்குச் சொல்லித்தரவில்லை. பள்ளியில் நான் படம் வரைந்து பாகங்களைக் குறித்து முழு மதிப்பெண் வாங்கியவள். நடுவில் கர்ப்பப்பை, இரண்டு பக்கமும் கருக்குழாய்கள், கீழே செங்குத்தாக ஒரு குழாய். முன்னாலிருந்து வெட்டிப் பார்த்த படம் என்பதால் அதில் சாய்வு தெரியாது. உடம்பின் வெளிப்பக்கத்துக்கோ படமே கிடையாது. சிறுநீரும் மாதவிடாயும் ஒரே வழியில் வருகின்றன என்று நம்பும் பெண்கள், பட்டம் வாங்கியவர்களிலும் பிள்ளை பெற்றவர்களிலும் இருக்கிறார்கள். டேம்பானோடு சிறுநீர் கழிக்கலாமா என்று கேட்பது அதனால்தான். தாராளமாகக் கழிக்கலாம். முன்னால் சிறுநீர்த் துவாரம், நடுவில் யோனி, பின்னால் ஆசனவாய், மூன்றும் தனித்தனி.

என் அக்கா மகள் நீச்சல் போட்டிகளுக்குப் போகிறவள். ஒரு போட்டிக்கு முந்தின நாள் பீரியட்ஸ் வந்துவிட்டது. பேட் வைத்துக்கொண்டு குளத்தில் இறங்க முடியாது. டேம்பானோடு அவள் பாத்ரூமுக்குள் போக, நான் கதவுக்கு வெளியே நின்றேன்.

"சித்தி, உள்ள போய்த் தொலைஞ்சிட்டா?"

"தொலையறதுக்கு அங்க இடமே இல்லடி. வாளியைக் கவிழ்த்து ஒரு காலை அது மேல வை. மூச்சை நல்லா விடு. முதுகைப் பார்த்து மெதுவாத் தள்ளு."

இடம் இல்லை என்றது உண்மைதான். யோனியின் நீளம் சுமார் 7 முதல் 10 சென்டிமீட்டர். மேல்முனையில் கர்ப்பப்பை வாய், தொட்டால் மூக்கு நுனி மாதிரி இருக்கும். அதன் துளை மிகச் சிறியது. ரத்தம் கசிந்து இறங்கும், டேம்பான் ஏறிப் போகாது. எடுப்பதற்கான நூல் வெளியே தொங்கும். கொஞ்ச நேரத்தில், "உள்ள இருக்கிறதே தெரியல சித்தி" என்றாள். சரியாக வைத்தால் அப்படித்தான். உறுத்தினால் இன்னும் கொஞ்சம் உள்ளே போக வேண்டும் என்று அர்த்தம்.

அக்காவின் பயம் வேறு. "கல்யாணம் ஆகாத பொண்ணுடி" என்று என் காதோடு சொன்னாள். கன்னிச்சவ்வு என்பது யோனியின் வாசலைச் சுற்றியிருக்கும் மெல்லிய மடிப்பு. அது வாசலை முழுக்க மூடியிருந்தால் மாதவிடாய் எப்படி வெளியே வரும்? அபூர்வமாக அப்படி மூடியே பிறக்கும் பெண்களுக்கு ரத்தம் உள்ளே தேங்கி, மாதாமாதம் வயிற்றுவலியில் துடித்து, சிறிய அறுவை சிகிச்சை வரை போகிறது. மற்றபடி அதன் வடிவம் ஆளுக்கு ஆள் மாறும். அதைப் பார்த்து ஒருத்தியின் கடந்தகாலத்தை எந்த மருத்துவராலும் சொல்ல முடியாது. பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களுக்குச் செய்துவந்த இருவிரல் பரிசோதனை, பெண்ணின் அந்தரங்க உரிமையை மீறுகிறது என்று உச்ச நீதிமன்றம் 2013-இல் சொன்னது. 2022-இல், இனி அதைச் செய்பவர் ஒழுங்கீனக் குற்றத்துக்கு ஆளாவார் என்று கடுமையாகவே சொன்னது. நீதிமன்றம் கைவிடச் சொன்ன ஒன்றை வீட்டுக்குள் நாம் எதற்காகக் கட்டிக் காக்க வேண்டும்?

ஆபத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 1980-இல் அமெரிக்காவில், அதிகம் உறிஞ்சும் டேம்பான்களைப் பயன்படுத்திய பெண்கள் சிலர் பாக்டீரியா நச்சால் வரும் டாக்ஸிக் ஷாக் நோயில் இறந்துபோனார்கள். ரிலை என்ற டேம்பான் அந்த ஆண்டே சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. நோய் அபூர்வமானது, ஆனால் வேகமானது. ரத்தப்போக்குக்குத் தேவையான அளவில் சிறியதை எடுத்து, 4 முதல் 8 மணி நேரத்துக்குள் மாற்றிவிட வேண்டும். திடீர்க் காய்ச்சல், வாந்தி, உடம்பில் செந்தடிப்பு என்றால் உடனே எடுத்துவிட்டு மருத்துவரிடம் ஓட வேண்டும்.

எல்லோரும் டேம்பானுக்கு மாறுங்கள் என்று நான் சொல்லவில்லை. விலை அதிகம், எல்லாக் கடையிலும் கிடைப்பதுமில்லை. ஆயுசுக்கும் நாப்கினே போதும் என்றாலும் சரிதான். அந்த முடிவு பயத்தில் எடுத்ததாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான். வயசுக்கு வந்த பெண்ணுக்கு உளுந்தங்களி கிண்டுகிறோம், நல்லெண்ணெய் குடிக்க வைக்கிறோம், மண்டபம் பிடித்து ஃப்ளெக்ஸ் வைத்து ஊருக்கே சொல்கிறோம். அத்தனை பெண்கள் கூடும் அந்த வீட்டில், கைக்கண்ணாடி ஒன்றைக் கொடுத்து "உன் உடம்பை நீயே ஒருதரம் பார்த்துக்கோ" என்று சொல்ல ஓர் அத்தை கூட இல்லை. அடக்கம் என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பது அந்தப் பெண்ணைத் தனியாக விடுகிறது.

அந்தத் தனிமை பீரியட்ஸ் நிற்பதோடு முடிவதில்லை. என் பெரியம்மா கர்ப்பப்பை இறங்கி வருஷக்கணக்காக அவதிப்பட்டார். நாற்காலியில் ஒருக்களித்தே உட்காருவார், மூட்டுவலி என்பார். பெற்ற மகளிடம் சொல்லக் கூட அவருக்கு வாய் வரவில்லை. அரசு மருத்துவமனைகளில் 30 வயது தாண்டிய பெண்களுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனையை இலவசமாகச் செய்கிறார்கள். சில நிமிட வேலை. முற்றுவதற்கு முன்பே கண்டுபிடித்துத் தடுக்கக்கூடிய புற்றுநோய் அது. ஆனாலும் நர்ஸ் கூப்பிட்டால், "எனக்கு ஒண்ணும் இல்லம்மா" என்று நகர்ந்துவிடுகிறவர்கள்தான் அதிகம். அக்காவும் இதுவரை போனதில்லை. அவளைக் கூட்டிக்கொண்டு போய், முதலில் நான் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறேன்.