வாயில்லா உயிரும் வழக்குமன்றமும்

நாணத்தால் நாவடக்கிக்கொள்ளும் பொருள்கள் சில உலகில் உள. மனிதன் விலங்கொடு கூடும் குற்றம் அவற்றுள் ஒன்று. நன்மக்கள் படிக்கும் பத்திரிகையில் இதனைப் பேசுதல் தகுமோ எனச் சிலர் வினவுதல் கூடும். தகும் என்பதே எமது துணிபு. யாவரும் வாய் மூடியிருந்தால் நம் நாணம் காக்கப்படும் என்பது மெய்யே. ஆயின் அந்நாணத்தின் விலையைச் செலுத்துவது பேசமாட்டாத ஓருயிர் என்பதை மறத்தலாகாது.

சில திங்களின் முன்னர், கண்டி நகருக்கு அணித்தாயுள்ள தோட்டமொன்றிலிருந்து முதியவரொருவர் எம்மைத் தேடி வந்தார். அவர்தம் தம்பியின் மாட்டுக் கொட்டிலிலே வயதுவந்த ஆடவனொருவன் இக்குற்றத்தைச் செய்து அகப்பட்டானாம். வீட்டார் கூடிப் பேசினர். மானம் போகாதிருக்கும்பொருட்டு அவனைத் தொலைவிலுள்ள உறவினர் கடைக்கு அனுப்பிவிட்டனர். பசுவோ தீட்டுப்பட்டது என்று கருதி, அதனை இறைச்சிக்கு விற்றுவிடத் துணிந்தனர். இவையெல்லாம் கூறி முடித்த முதியவர், "வாத்தியார் ஐயா, செஞ்சவன் ஊரு மாறிட்டான், மாட்டுக்குக் கத்தி. அந்த வாயில்லாச் சீவன் என்னங்க பாவம் செஞ்சுச்சு?" என்று கேட்டார்.

அவ்வினாவிற்கு உடனே விடை கூற எமக்கு இயலவில்லை. நூல்களைத் தேடினோம். தேடியபொழுது, முதியவர் கேட்ட அவ்வொரு வினாவை உலகத்துச் சட்டங்கள் பெரும்பாலும் கேட்டதேயில்லை என்பது புலனாயிற்று.

இற்றைத் துருக்கி நாட்டிலே மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழங்காலத்தில் அரசு புரிந்த ஹிட்டைட்டு மக்களின் சட்டம் களிமண் பலகைகளிற் கிடைத்துள்ளது. பசு, ஆடு, பன்றி, நாய் என்பவற்றொடு கூடுவோனுக்கு அது மரண தண்டம் விதித்தது. குதிரையொடும் கோவேறு கழுதையொடும் கூடுவோனுக்குத் தண்டமில்லை. ஆயினும் அவன் அரசன் முன் செல்லுதலும் பூசகனாதலும் கூடாவாம். விலங்கு துன்புற்றதா என்பது ஆங்கு வினாவன்று. மனிதன் தூய்மை கெட்டானா என்பதே வினா.

யாம் இளமையிற் பயின்ற பாதிரிமார் பாடசாலையில் வேதாகமம் நாடோறும் ஓதப்படும். லேவியராகமத்தின் 20ஆம் அதிகாரம் வருங்கால் ஆசிரியர் விரைந்து கடந்துவிடுவர். அதன் காரணத்தைப் பின்னரே அறிந்தோம். இக்குற்றத்திற்கு மனிதனைக் கொல்லுதலோடு விலங்கையும் கொல்லுக என்பது அவ்வதிகாரத்தின் விதி. ஐரோப்பியர் அவ்விதியை ஏட்டளவில் நிறுத்தினாரல்லர். அமெரிக்காவிலே பிளிமத்துக் குடியேற்றத்தில் 1642ஆம் ஆண்டு தாமஸ் கிரேஞ்சர் என்னும் பணியாள் இக்குற்றத்திற்காகக் கொல்லப்பட்டான். அவனுக்கு முன்னர், அவன் கண்ணெதிரே, குதிரையும் பசுவும் ஆடுகளும் கொல்லப்பட்டன. அவற்றின் உடலை எவரும் பயன்கொள்ளலாகாதென ஒரு குழியிலிட்டு மூடினர். பிழை செய்தவன் ஒருவன், மாண்டவையோ பல.

ஆயினும் அவ்விருளினூடே ஓரொளி தோன்றியது. பிரான்சு நாட்டிலே பாரிஸ் நகரை அடுத்த வான்வ் என்னுமூரில் 1750ஆம் ஆண்டு ஜாக் பெரோன் என்பவன் ஒரு பெண் கழுதையொடு குற்றம் செய்தான் எனத் தீர்ப்பாகி மரண தண்டம் பெற்றான். கழுதையும் வழக்கில் நின்றது. அவ்வூர் மடத்துத் தலைவரும் ஊராரும் கையொப்பமிட்டு, இக்கழுதையை நான்காண்டுகளாக யாம் அறிவோம், அது நல்லொழுக்கமுடையது என்று சான்று பகர்ந்தனர். அது வன்செயலுக்கு ஆளானதேயன்றித் தன் விருப்பால் உடன்பட்டதன்று எனக் கொண்டு மன்றம் அதனை விடுவித்தது. படிப்போர்க்கு நகை தோன்றலாம். எமக்கோ நகை தோன்றவில்லை. குற்றமிழைத்தவன் யார், குற்றத்திற்கு ஆளானது யாது என்று பிரித்துக் காணும் கண் அன்று அவ்வூர் மக்களிடத்தில் இருந்தது.

இனி நம் நாட்டு நூல்களைப் பார்ப்போம். கௌடிலியரின் அருத்தசாத்திரம் இக்குற்றத்திற்குப் பன்னிரண்டு பணம் அபராதம் விதிக்கின்றது. மனுநூலின் 11ஆம் அத்தியாயம் சாந்தபன கிருச்சிரம் என்னும் கழுவாயைக் கூறுகின்றது. தீயும் தூக்குமரமும் இங்கு இல்லை என்று நாம் பெருமை கொள்ளுதல் எளிது. ஆயின் சற்று நின்று நோக்குக. அபராதப் பணம் அரசன் கருவூலம் புகுந்தது. கழுவாய் மனிதனைத் தூயவனாக்கிற்று. விலங்கின் துயர் ஓரிடத்தும் எண்ணப்படவில்லை. அன்றியும், அச்சாந்தபன நோன்பு யாது? ஆவின் நீர், சாணம், பால், தயிர், நெய் என்பவற்றையும் தருப்பை நீரையும் உட்கொண்டு, ஓரிரவு பட்டினி கிடத்தலாம். பசுவினின்று பெற்ற பொருள்களாலே மனிதன் தூய்மை அடைகின்றான். அதே பசுவைத் தீட்டுடையது என்று கத்திக்கு அனுப்ப இக்காலத்து வீட்டார் துணிகின்றனர். இம்முரணை என்னென்று சொல்வது!

கஜுராகோவில் 10ஆம் நூற்றாண்டில் எழுந்த இலக்குமணர் கோயிலின் அடித்தளச் சிற்ப வரிசையில் இச்செயல் செதுக்கப்பட்டிருத்தலின், முன்னோர் இதனை ஒப்புக்கொண்டனர் என்று வாதிடுவாரும் உளர். போர்க்களத்துக் கொலையும் கல்லிற் செதுக்கப்பட்டுள்ளது. செதுக்கப்பட்டதெல்லாம் செய்யத் தக்கது என்பது வாதமாகாது.

ஆங்கிலேயர் வழியாக நம் தீவிற்கு வந்த சட்டத்தின் வேர், எட்டாம் ஹென்றி மன்னன் காலத்து 1533ஆம் ஆண்டுச் சட்டத்தில் உள்ளது. ஆடவர் இருவர் கூடுதலையும் மனிதன் விலங்கொடு கூடுதலையும் அது ஒரே பெயரால் அழைத்து, இரண்டிற்கும் மரணம் விதித்தது. அங்கு 1861இலே மரண தண்டம் நீங்கிச் சிறைத் தண்டம் வந்தது. இந்தியாவிற்குத் தண்டச் சட்டம் வரைந்த மெக்காலே துரை முதலியோர் 1837ஆம் ஆண்டு வரைவிலே ஏனைக் குற்றங்களுக்கு விரிவாகக் குறிப்புரை எழுதினர். இக்குற்றத்திற்கு எழுத நாணி விடுத்தனர். விரிவாக ஆராயப்படாமலே அக்குற்றம் சட்டத்தில் ஏறிற்று. 1860ஆம் ஆண்டு இந்தியத் தண்டச் சட்டத்தின் 377ஆம் பிரிவும், அதனைப் பின்பற்றிய 1883ஆம் ஆண்டு இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 365ஆம் பிரிவும் ஒரே அச்சில் வார்க்கப்பட்டவை. இயற்கை ஒழுங்கிற்கு மாறாக ஆணொடோ பெண்ணொடோ விலங்கொடோ கூடுதல் குற்றம் என்பது அவற்றின் பொருள்.

இங்கு அன்பர்கள் ஒன்றை ஊன்றி நோக்கல் வேண்டும். மனமொத்த முதியோர் இருவர் ஒருபுறம். கட்டுத்தறியில் நிற்கும் வாயில்லா உயிர் மறுபுறம். இரண்டையும் இயற்கை என்னும் ஒரே கயிற்றாற் கட்டிவிட்டனர். முன்னதில் உடன்பாடு உண்டு. பின்னதில் உடன்பாடு கேட்கவும் கொடுக்கவும் இயலாது. நீதியின் பார்வையில் மலைக்கும் மடுவிற்குமுள்ள இவ்வேற்றுமை அச்சட்டத்தின் கண்ணிற்குப் புலப்படவில்லை.

தவறான காரணத்தின்மேல் எழுப்பிய சுவர், அக்காரணம் விழுங்கால் தானும் விழும். சுவீடன் நாடு 1944ஆம் ஆண்டிலே பழைய இயற்கைமாறுச் சட்டத்தை நீக்கியபொழுது, விலங்கிற்கிருந்த காப்பும் உடன் நீங்கிற்று. அதனை விலங்குக் காப்பு என்னும் புதிய அடிப்படையில் மீட்டும் நிறுவ 2014 வரை, அஃதாவது எழுபதாண்டு, செல்லலாயிற்று. ஜெர்மனி 1969இலே நீக்கி 2013இலே மீட்டது. டென்மார்க்கு 2015இலே விலக்கிற்று. இங்கிலாந்தோ 2003ஆம் ஆண்டுச் சட்டத்தில் இக்குற்றத்தைத் தனியே பிரித்து, இரண்டாண்டு வரை சிறை என வரையறுத்தது.

இப்படிப்பினை இந்தியாவிற்குப் பயன்படவில்லை. 2018ஆம் ஆண்டு செப்டெம்பர் 6ஆம் நாள் தில்லி உச்ச நீதிமன்றம் மனமொத்த முதியோரை 377ஆம் பிரிவினின்று விடுவித்தது. விலங்கைப் பற்றிய பகுதியை நிலைநிறுத்தியது. அது நேரிய தீர்ப்பு. ஆயின் 2024ஆம் ஆண்டு யூலை முதலாம் நாள் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா என்னும் புதுச் சட்டத்தில் அப்பிரிவு முழுவதும் விடுபட்டது. பாராளுமன்ற நிலைக்குழு 2023இலே எச்சரித்தும் பயனில்லை. எஞ்சியிருந்த 1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடைச் சட்டமோ, முதன்முறை வதை செய்வோனுக்குப் பத்து முதல் ஐம்பது ரூபா வரை அபராதம் விதிப்பது. இச்செயலைக் கொடுங்கொடுமை எனப் பெயரிட்டுத் தண்டிக்கும் திருத்த வரைவொன்று 2022 நவம்பரில் வெளியிடப்பட்டிருந்தும், புதுச் சட்டம் அதற்காகக் காத்திருக்கவில்லை.

நம் தீவின் நிலை யாது? 1815ஆம் ஆண்டு கண்டி மகுல் மடுவ மண்டபத்தில் எழுதப்பட்ட உடன்படிக்கை, மனிதரைச் சித்திரவதை செய்தலையும் உறுப்புக் குறைத்தலையும் ஒழித்தது. விலங்கு வதைத் தடைக் கட்டளைச்சட்டம் வர மேலும் தொண்ணூற்றிரண்டு ஆண்டுகள் சென்றன. 1907ஆம் ஆண்டின் அக்கட்டளைச்சட்டம் விதித்த உச்ச அபராதம் நூறு ரூபா. அதற்கு மாற்றாகச் சட்ட ஆணைக்குழு 2006இலே வரைந்த விலங்கு நலச் சட்டமூலம் பல ஆண்டுகள் வாயிலிலே காத்துக் கிடந்தது. 365ஆம் பிரிவு 1995இலே திருத்தப்பட்டபொழுது விலங்கு என்னுஞ் சொல் அதில் நின்றது. மனமொத்த முதியோரைத் தண்டத்தினின்று விடுவிக்கும் சட்டமூலம் அரசியலமைப்பிற்கு மாறன்று என உயர் நீதிமன்றம் 2023 மே மாதத்தில் முடிவு கூறிற்று. அக்கயிற்றை அவிழ்க்கும் நாளில், கன்றை வெள்ளத்தில் விட்டுவிடாதபடி காத்தல் சட்டம் இயற்றுவோர் கடனாகும்.

ஈண்டு ஒரு தடை எழும். ஏரில் பூட்டும்பொழுதும், பால் கறக்கும்பொழுதும், இறைச்சிக்குக் கொல்லும்பொழுதும் விலங்கின் உடன்பாட்டை யார் கேட்டனர்? இதற்கு மட்டும் உடன்பாடு பேசுவதேன்? இது வலிய வினா. ஊனுண்போர் இதற்கு விடை கூறுதல் அரிது. ஆயினும் ஒரு கொடுமை வழக்கத்தில் இருத்தலால் மற்றொரு கொடுமை நன்றாகிவிடாது. இவ்வினா நம்மை அருள் மிகுக்கும் பக்கம் செலுத்த வேண்டுமேயன்றி, அருள் குறைக்கும் பக்கம் செலுத்தலாகாது. கறத்தலிலும் உழுதலிலும் அளவு உண்டு. கன்றுக்கு விட்டுக் கறப்பவனும், வெயிலேறுமுன் நுகம் கழற்றுபவனும் அவ்விலங்கிற்குத் தான் கடன்பட்டவன் என்பதை அறிவான். இக்குற்றம் செய்வோனோ கடன் என்பதையே அறியாது, உயிரைப் பொருளாக்குகின்றான்.

எனவே இக்குற்றத்தின் வேர் இயற்கைக்கு மாறுபடுதலில் இல்லை. அடைக்கலத்தை அழித்தலில் உள்ளது. கொட்டிலிற் கட்டுண்ட பசு தனக்குப் புல்லிடும் கையை நம்பி நிற்கின்றது. அது ஓடவும் மாட்டாது, மறுக்கவும் மாட்டாது, மறுநாள் மன்றேறி முறையிடவும் மாட்டாது. அடைக்கலம் புக்காரை வருத்துதல் எத்துணைக் கொடிதென்பது தமிழர்க்கு யாம் சொல்ல வேண்டுவதன்று. அன்றியும் நம் சித்தாந்தம் ஆன்மாவிற்கு இட்ட பெயரே பசு என்பது. கொட்டிலில் நிற்பதும் பசு. கயிறு பிடித்து நிற்கும் நாமும் பசு. பாசக் கட்டில் இருவேமும் ஒருநிலையேம். ஒரு பசு மற்றொரு பசுவைத் தீட்டென்று தள்ளுதற்கு என்ன உரிமை உண்டு?

மறுகிழமை முதியவர் மீட்டும் வந்தார். யாம் அறிந்தவாறு விடை கூறினோம். பசுவிற்குப் பாவமும் இல்லை, தீட்டும் இல்லை. மிருக வைத்தியரை அழைத்து அதன் உடலில் ஊறு உண்டோ என்று பார்ப்பித்தல் வேண்டும். அவ்வாடவனை ஒளித்து வைத்தல் மானங் காத்தலாகாது. ஒளித்த ஊரிலும் கொட்டில் உண்டு. செய்ததைச் சட்டத்தின் முன் ஒப்புவித்து, மனநோய் தீர்க்கும் வைத்தியரிடமும் அவனைக் கொண்டு செல்க. அவனைக் கொல்லுக என்று யாம் சொல்லோம். அவனும் திருந்தக்கூடிய ஓருயிரே.

முதியவர் நெடுநேரம் பேசாதிருந்தார். பின்னர், "தம்பிகிட்ட அந்தக் கடைசிப் பேச்சைப் பேசுறதுதாங்க கஷ்டம். மாட்டை நானே வாங்கிக்கிட்டேன், என் கொட்டில்லதான் நிக்குது" என்றார். தம்பியிடம் அவர் அதனைப் பேசினாரோ இல்லையோ, யாம் இன்னும் அறியோம். பசு பிழைத்தது, அறம் பாதி நின்றது. மற்றைப் பாதி, நாணத்தால் வாய் மூடியிருக்கும் நம் ஒவ்வொருவர் வாயிலும் உள்ளது.

எவ்வுயிரையும் தன்னடி நிழலில் வைத்துக் காக்கும் பசுபதியின் திருவருள் முன்னிற்க.